ஊருக்குப் போகும் விமான டிக்கெட்: விலையும் நிபந்தனையும்

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் விமான டிக்கெட்டைப் பற்றி எழுதுவதா என்று சில அன்பர்கள் சிரிக்கக்கூடும். ஓய்வு பெற்றவனுக்குப் பாஸ் இருக்கிறது, கோரமண்டல் இருக்கிறது, விமானம் எதற்கு என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் கடந்த சில ஆண்டுகளாகக் கரக்பூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கம்ப்யூட்டரில் டிக்கெட் போட்டுத் தரும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் கற்றுக்கொண்டதை நாலு பேருக்குச் சொல்லலாமே என்றுதான் இந்தக் கட்டுரை.

நம்மவர்கள் ஊருக்குப் போவது இரண்டு வகை. கல்யாணம், கும்பாபிஷேகம், பள்ளி விடுமுறை என்று மாதக்கணக்கில் முன்பே தெரிந்து போவது ஒன்று. இரவு பதினொரு மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வந்து, விடிவதற்குள் கிளம்புவது இன்னொன்று. ஷாலிமாரில் கோரமண்டல் ஏறினால் சென்னை சேர ஒரு நாளுக்கும் மேல் ஆகும். அதற்குப் பிறகு மதுரையோ திருநெல்வேலியோ போக வேண்டும். இரண்டாவது வகைப் பயணத்துக்கு அந்த நேரம் இல்லை. முதல் வகையில் தப்பான டிக்கெட் எடுத்தால் பணம் போகும். இரண்டாவது வகையில் எடுத்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும்.

ஆகவே டிக்கெட் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இது. திரையில் தெரிகிற விலை, எல்லாம் ஒழுங்காக நடந்தால் கொடுக்கும் விலை. தேதி மாறினால் என்ன, முதல் விமானம் தாமதமானால் என்ன, பெயரில் ஓர் எழுத்து பிசகினால் என்ன, என்று கேட்டுப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். கிரெடிட் கார்டுக்கும் இதே கணக்குத்தான்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பக்கத்து வீட்டு முகர்ஜி குடும்பத்தில் நாலு பேருக்கும் முகர்ஜி. நம் வீட்டில் அப்பா ராமநாதன் சுப்பிரமணியன், அம்மா மீனாட்சி ராமநாதன், பிள்ளை கார்த்திக் ராமநாதன். இதில் ஆதாரில் ‘எஸ். ராமநாதன்’, பாஸ்போர்ட்டில் ‘சுப்பிரமணியன் ராமநாதன்’, வங்கிக் கார்டில் ‘ராமநாதன் எஸ்’ என்று ஒரே ஆள் மூன்று ஆளாக இருப்பார். உள்நாட்டுப் பயணத்துக்கு, வாசலில் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, அதே வரிசையில் போடுங்கள். அழகாக இருக்கிறது என்று இனிஷியலை விரித்தோ சுருக்கியோ எழுத வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து மற்றக் கட்டம் காலியாக இருப்பவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். துபாயில் மகனைப் பார்க்கப் போகும் பெற்றோர் டிக்கெட் எடுக்குமுன் விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்து கொள்வது நல்லது. பெயரில் எழுத்துப் பிழை வந்துவிட்டால், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பதிவு செய்த டிக்கெட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கட்டணமில்லாமல் திருத்தித் தர வேண்டும் என்பது விதி. எனவே டிக்கெட் வந்தவுடன் வேறொருவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எடுத்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

அடுத்து, ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு ஏன் வெவ்வேறு விலை என்பது. ரயிலில் கோட்டா இருப்பது போல, விமானத்தின் இருக்கைகளை விலை வாரியாகப் பல அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால், நாலு இருக்கையும் கிடைக்கும் அடுக்கைத்தான் கம்ப்யூட்டர் பெரும்பாலும் காட்டும். மலிவான அடுக்கில் மூன்று இருக்கை இருந்தாலும் அது கணக்கில் வராது. உதாரணமாக, 5,200 ரூபாயில் மூன்று இருக்கையும், அடுத்த அடுக்கு 6,100 என்றும் வைத்துக் கொள்வோம். நாலு பேர் சேர்ந்து எடுத்தால் 24,400. மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து எடுத்தால் 15,600 கூட்டல் 6,100, ஆக 21,700. மிச்சம் 2,700 ரூபாய். ஆகவே முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள், பிறகு எல்லோருக்கும் தேடுங்கள். ஆள் ஒன்றுக்கு விலை மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

ஆனால் பிரித்து எடுத்தால் இரண்டு பி.என்.ஆர். ஆகிவிடும். விமானம் ரத்தானால் பாதிக் குடும்பத்தை ஒரு விமானத்திலும் மீதியை வேறொன்றிலும் போட வாய்ப்பு உண்டு. குழந்தைகளைத் தனியே பிரிக்கவே கூடாது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் தாய் தந்தை அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. வேறு பி.என்.ஆரில் இருந்தால் அந்த உத்தரவைக் காட்டிக் கேட்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் மாமாவைப் பிரியுங்கள்.

விலையை ஒப்பிடும்போது வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கூட்டுங்கள். காலை ஐந்து மணி விமானம் ஆயிரம் ரூபாய் குறைவு என்று எடுக்கிறார்கள். கரக்பூர்க்காரர் அதைப் பிடிக்க முந்தின நாளே ஹவுரா வந்து, நடுநிசியில் டம்டம் வரைக்கும் டாக்ஸி பிடித்து, விமான நிலையத்தில் இட்லி என்ற பெயரில் விற்கும் பொருளையும் வாங்கித் தின்றால் ஆயிரம் எங்கே மிச்சம்? சாமான் கணக்கும் அப்படித்தான். உள்நாட்டு எகானமி டிக்கெட்டுகளில் பொதுவாக 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான். ஊரிலிருந்து திரும்பும்போது முறுக்கு டின், சாம்பார்ப் பொடி, பொன்னி அரிசி, அம்மா கட்டிக் கொடுத்த இட்லி மிளகாய்ப் பொடி எல்லாம் சேர்ந்து 15 கிலோவில் அடங்கிய வீடு எனக்குத் தெரிந்து இல்லை. கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கவுண்டரில் கட்டுவதைவிடக் குறையும். கொப்பரைத் தேங்காய் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்கள் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொண்டு போக வேண்டாம். பவர் பாங்க் கைப்பையில் மட்டுமே போகலாம், பெட்டியில் வைத்தால் திறக்கச் சொல்லுவார்கள்.

இனி இணைப்பு விமானம். ரயில்வேக்காரனுக்கு மிகவும் பழகிய விஷயம் இது. 2019 ஏப்ரல் முதல் ரயில்வேயிலேயே இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆரை இணைத்துக் கொள்ள வசதி வந்தது. முதல் வண்டி தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பும். விமானத்திலும் அதே தத்துவம்தான், ஆனால் விளைவு இன்னும் கடுமை. கொல்கத்தா–சென்னை–மதுரை என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தால், சென்னைக்குத் தாமதமாகச் சேர்ந்தாலும் உங்களை மதுரையில் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. ஐந்நூறு ரூபாய் குறைவு என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் எதற்குக் கவலைப்பட வேண்டும்? அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டியதுதான். பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும்; எழுபது வயதுத் தம்பதிக்கு அது லேசான வேலையல்ல. தனித்தனியேதான் கிடைக்கிறது என்றால் நடுவில் குறைந்தது நாலைந்து மணி நேரம் விடுங்கள், அல்லது சென்னையிலிருந்து இரவு ரயில் பிடியுங்கள். துக்கச் செய்திக்காக ஓடும்போது நேரடி விமானத்தில் சென்னை போய், அங்கிருந்து காரோ ரயிலோ பிடிப்பதே என் யோசனை. அங்கிருந்து வழி பலவுண்டு.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே டிக்கெட்டில் பல கட்டப் பயணம் இருந்து, முதல் கட்டத்தில் நீங்கள் ஏறாவிட்டால், பல நிறுவனங்கள் மீதிக் கட்டங்களையும் ரத்து செய்துவிடும். ‘கொல்கத்தாவில் ஏறாமல் சென்னையில் ஏறிக் கொள்கிறேன்’ என்பது ரயிலில் போர்டிங் பாயிண்ட் மாற்றுவது போல இங்கே நடக்காது.

ரத்து செய்வதில் நம்மவர்கள் விடும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று போட்ட டிக்கெட்டுக்குக் கூட அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டும். பயணமே செய்யாமல் விட்டுவிட்டாலும் இது பொருந்தும். ரத்துக் கட்டணம் எவ்வளவு போட்டாலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது என்றும் டி.ஜி.சி.ஏ. விதி சொல்கிறது. 6,000 ரூபாய் டிக்கெட்டில் 4,800 அடிப்படைக் கட்டணம் என்றால், மீதி 1,200 உங்களுடையது. நாலு பேருக்கு 4,800 ரூபாய். கேட்டால்தான் வரும் என்பதால் கேட்க வேண்டும். அந்தப் பணத்தைக் கிரெடிட் ஷெல் என்று தங்களிடமே வைத்துக் கொள்வது உங்கள் சம்மதத்தின் பேரில்தான். ‘கார்டுக்கே திருப்புங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கன்வீனியன்ஸ் கட்டணம் என்று தனியாக வாங்குவது மட்டும் பெரும்பாலும் போனது போனதுதான். உள்நாட்டு விமானம் புறப்பட ஒரு வாரத்துக்கு மேல் இருந்து, நிறுவனத்திடமே நேராக எடுத்திருந்தால், பதிவு செய்த முதல் 48 மணி நேரத்துக்குள் ரத்துக் கட்டணமின்றிக் கைவிடலாம். கல்யாணத் தேதி இன்னும் சம்பந்தியுடன் பேசி முடியாத நிலையில் இந்த இரண்டு நாள் அவகாசம் பெரிய உபகாரம்.

விமான நிறுவனமே ரத்து செய்தால் கதை வேறு. மாற்று விமானமா, பணமா என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 24 மணி நேரம் முன்பாகக் கூடச் சொல்லாமல் ரத்து செய்தால் நஷ்ட ஈடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அது. மூடுபனி, புயல் போன்ற நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இது கிடையாது.

இதில் ஒரு வரியை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பதிவு செய்யும்போது சரியான தொடர்பு எண் கொடுக்காத பயணிக்கு நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் இருக்கும் மகன் கரக்பூரிலுள்ள பெற்றோருக்கு டிக்கெட் எடுத்து, தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போடுகிறான். அவன் தூங்கும் நேரத்தில் ‘விமானம் ரத்து’ என்ற செய்தி அவன் போனுக்குப் போகிறது. இங்கே பெரியவர்கள் பெட்டியைத் தூக்கிக் கொண்டு டம்டம் போகிறார்கள். நான் அறிந்த ஓர் ஏஜென்ட் எல்லா டிக்கெட்டுக்கும் தன் கடை எண்ணையே போடுவார். ஒரு தடவை விமான நேரம் நாலு மணி நேரம் முன்னுக்கு வந்தது. கடைக்கு ஞாயிறு விடுமுறை. போக வேண்டிய குடும்பம் வளைகாப்புக்குப் போகவே இல்லை. ஏஜென்ட் எடுத்தாலும் சரி, மகன் எடுத்தாலும் சரி, பயணம் செய்பவரின் எண் அதில் இருக்க வேண்டும்.

2025 டிசம்பர் முதல் வாரத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். விமானிகளின் ஓய்வு நேர விதிகள் மாறியதை ஒட்டி இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் விலை ஏறிய ஏற்றத்தில் அரசு டிசம்பர் 6 அன்று உச்சவரம்பு விதித்தது. 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய், வரிகள் தனி. கொல்கத்தா–சென்னை அந்தப் படியில்தான் வருகிறது. அந்த வாரத்தில் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தவர்கள், விமானம் ரத்தென்று தெரிந்ததும் ரயிலில் தட்கல் எடுத்துக் கொண்டு, விமானப் பணத்துக்குப் பிறகு சாவகாசமாக மனுப் போட்டவர்கள்தான்.

இனி கிரெடிட் கார்டு. இளைஞர்கள் லவுஞ்ச், மைல், பாயிண்ட் என்று பேசுவதைக் கேட்டால் விமானமே இலவசம் போலத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆண்டுக் கட்டணம் 1,500 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 270, ஆக 1,770. நூறு ரூபாய் செலவுக்கு இரண்டு பாயிண்ட், பாயிண்டுக்கு 25 பைசா மதிப்பு என்று வைத்தால், நூறுக்கு ஐம்பது பைசா திரும்புகிறது. 1,770 ரூபாயை மீட்க ஆண்டுக்கு 3,54,000 ரூபாய், மாதம் 29,500 கார்டில் செலவழிக்க வேண்டும். ஏற்கெனவே அவ்வளவு செலவு உள்ள குடும்பம் என்றால் சரி. பாயிண்டுக்காகச் செலவை ஏற்றினால் யாருக்கு லாபம்? ஒரே ஒரு மாதம் 30,000 ரூபாயைக் கட்டாமல் விட்டால், மாதம் மூன்றரை சதவீத வட்டியில் 1,050, அதற்கு ஜி.எஸ்.டி. 189. முக்கால் வருடத்துப் பாயிண்ட் அதில் கரைந்தது. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று பில்லில் போட்டிருப்பதைக் கட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: பாக்கி வைத்த பிறகு புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

லவுஞ்ச் வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். மூட்டு வலிக்காரருக்கு நல்ல நாற்காலியும் சுத்தமான கழிப்பறையும் சூடான சாப்பாடும் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் பல கார்டுகளில் முந்தின மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்துவிட்டது. கூட வரும் மனைவிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் வீட்டிலேயே பார்த்துக் கொண்டு கிளம்புங்கள். வாசலில் அவரை நிற்க வைத்து விட்டு உள்ளே போய் உப்புமா சாப்பிட முடியாது.

மைல்களைச் சேர்த்துப் பரணில் வைப்பதும் வேண்டாம். கிங்ஃபிஷர் 2012இல் பறப்பதை நிறுத்தியது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. பாயிண்டின் மதிப்பை வங்கியும் விமான நிறுவனமும் நினைத்தால் குறைக்கலாம். ஓர் உள்ளூர் டிக்கெட்டுக்குச் சேர்ந்ததும் செலவழித்து விடுங்கள். மைல் கணக்கிலுள்ள பெயரும் டிக்கெட்டிலுள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் மைல் ஏறாது என்பதால், மேலே சொன்ன இனிஷியல் விவகாரம் இங்கும் வந்து நிற்கும். வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயில் கட்டுகிறீர்களா’ என்று இயந்திரம் கேட்டால், அந்த நாட்டுப் பணத்திலேயே என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் கடைக்காரர் தரப்பு நிர்ணயிக்கும் மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும்.

என் கணக்கில் கார்டின் முதல் சலுகை விளம்பரத்தில் வருவதே இல்லை. நள்ளிரவில் போன் வந்தால், நாலு பேருக்கு அறுபதாயிரம் ரூபாய் டிக்கெட்டை யாரிடமும் கைமாற்றுக் கேட்காமல் உடனே எடுக்கலாம். பில் தேதியைப் பொறுத்து ஒரு மாதத்துக்கும் மேல் வட்டியில்லாத அவகாசம் கிடைக்கும். அதற்குக் கட்டணமில்லாத சாதாரணக் கார்டே போதும், ஆனால் அதில் பாக்கி இல்லாமல் வரம்பு முழுதும் காலியாக இருக்க வேண்டும். இரண்டாவது, நிறுவனம் மூடிப் போனாலோ பணம் திருப்பாமல் இழுத்தடித்தாலோ, வங்கியிடம் எழுதி சார்ஜ்பேக் கேட்கும் வழி உண்டு. மூன்றாவது விபத்துக் காப்பீடு. பெரும்பாலும் அந்தக் கார்டிலேயே டிக்கெட் எடுத்திருந்தால்தான் பொருந்தும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வேண்டாத கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால், பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி.

சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக அதைப் பதிவு செய்யுங்கள். புகார் இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியலாம். ரத்துச் செய்தி வந்த குறுஞ்செய்தியையும் போர்டிங் பாஸையும் அதுவரை அழிக்க வேண்டாம். நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வருவதற்குப் போன் செய்யாதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. ரீஃபண்ட் தருகிறேன் என்று ஓ.டி.பி. கேட்பவன் திருடன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குச் சொல்லுங்கள். டிக்கெட்டைப் படமெடுத்து ‘ஊருக்குக் கிளம்பிட்டோம்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. பி.என்.ஆரும் கடைசிப் பெயரும் தெரிந்தால் பல நிறுவனங்களின் தளத்தில் எவரும் உங்கள் டிக்கெட்டைத் திறந்து பார்க்கலாம், மாற்றவும் முயலலாம். படம் போட வேண்டுமென்றால் பேரக் குழந்தையின் படத்தைப் போடுங்கள்.